கொசுறு

பிளாஸ்டிக் கூடாது, அதுவும் கசியும் என்பது
எங்கள் ஆய்வகத்தின் முதல் விதி.
அலுமினியத் தாளில் சுற்றிய மட்டிகளை
ஐஸ் பெட்டியில் அடுக்கிப் பழையாறில் பஸ் ஏறுவேன்.
மீன்காரி என்று நினைத்து
லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார் கண்டக்டர்.

தில்லைக்கண்ணு காலால் பார்ப்பவள்.
முகத்துவாரத்தில் இடுப்பளவு நீர்,
கட்டைவிரல் சேற்றைத் துழாவும்,
ஓடு தட்டுப்பட்டால் முங்கி எழுவாள்.
படி எண்பது ரூபாய்.
ஆராய்ச்சிக்குத் தள்ளுபடி கிடையாது.

மட்டிக்கு ஓடத் தெரியாது.
புதைந்த இடத்தில் இரண்டு குழல் நீட்டி
ஒன்றில் இழுக்கும், ஒன்றில் விடும்.
நாளெல்லாம் கொள்ளிடத்தை
உடம்புக்குள் விட்டு எடுக்கும்.
தண்ணீர் போய்விடும்.
தண்ணீரோடு ஒட்டாத ஒன்று மட்டும்
கொழுப்பைக் கண்டதும் உட்கார்ந்துவிடும்,
கல்யாணத்துக்கு வந்து
ஊர் திரும்பாத தூரத்து மாமா போல.

நீரில் இருப்பது கொஞ்சம்தான்.
குறுவைக்கு அடித்தது, சம்பாவுக்கு அடித்தது,
வாய்க்காலில் இறங்கி வடிகாலில் ஏறி
கடலைப் பார்த்ததும் வேகம் குறைந்து
வண்டலோடு படிந்தது.
சில மருந்துகளுக்கு எப்போதோ தடை வந்தாயிற்று.
சேற்றுக்கு இன்னும்
அந்த அரசாணை போய்ச் சேரவில்லை.

அரைத்து, உலர்த்தி, ஹெக்சேனில் ஊறவைத்து
எந்திரத்துக்குள் ஒரு துளி.
திரையில் கோடு தரையோடு ஓடிற்று,
பதினெட்டாம் நிமிடம்
சட்டென்று ஒரு கோபுரம்.
அதன் பேர் எனக்குப் பழக்கம்.
திருக்காட்டுப்பள்ளியில்
எங்கள் மாட்டுக்கொட்டகைத் தகர டப்பா மேல்
மண்டையோட்டுக்குக் கீழே இருந்த பேர்.
அப்பா அதைக் கழுவி
மண்ணெண்ணெய் வாங்க வைத்திருந்தார்.
கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றியவள் நான்.

"திங்கலாமா கூடாதா, அத சொல்லு."

நூறு கோடியில் இத்தனை பங்கு என்றேன்.
அனுமதித்த அளவுக்குள்தான் என்றேன்.

"யாருக்கு அனுமதிச்ச அளவு?"

எப்போதாவது ஒரு நாள் தின்பவருக்கு.

"நாங்க வித்தது போவ மிச்சத்த
தெனமும் திங்கிறோம்."

பிறகு அவளே,
"ராத்திரி நல்ல தண்ணில போட்டா
மண்ணக் கக்கிப்புடும். இது கக்காதா?"

கக்கும். பாதி குறையவே
சில வாரமாகும்.
அதுவரை சுத்தமான தண்ணீர் வேண்டும்.

அவள் வடக்கே பார்த்தாள், இறால் குட்டைகள்.
மேற்கே பார்த்தாள்.
"எங்க இருக்குன்னு சொல்லு,
கொண்டுபோய்ப் போடுறேன்"
என்றவள் படியைத் தலைதட்டி அளந்தாள்.
பணத்தை எச்சில் தொட்டு எண்ணினாள்.
கிளம்பும்போது கூப்பிட்டு
ஒரு கை மட்டி அள்ளி
என் துப்பட்டா முனையில் போட்டாள்.
"இது பரிசோதனைக்கு இல்ல. கொசுறு."

அறையில் அடுப்பில் வைத்தேன்.
மிளகும் பூண்டும் கொதிக்க
ஒவ்வொன்றாய் வாய் திறந்தன.
ஒன்று மட்டும் திறக்கவில்லை.
திறக்காததைத் தின்னக் கூடாதென்பார்கள்.
மற்றதைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லியதில்லை.

தட்டு சூடாக இருந்தது.
எனக்குப் பசித்தது.