இருபத்தைந்து பென்ஸ்

ஏப்ரல் முதல் திங்கள்.
கிரிம்ஸ்பி துறைமுகத்தில் வாடைக்காற்று.
மீன் ஆலையின் சம்பள அறையில்
இருநூற்றுப் பன்னிரண்டு உறைகள் என் மேசைமேல்.
எல்லாவற்றிலும் ஒரே கடிதம்;
பெயரும் தொகையும் மட்டும் வேறு.
"உங்கள் அயராத உழைப்பைப் போற்றி" என்று தொடங்கும்.
போன ஆண்டும் அப்படித்தான் தொடங்கியது.
அதையே எடுத்து ஒட்டினேன்,
தேதியை மாற்ற மறந்து, பிறகு மாற்றினேன்.

எல்லோருக்கும் இரண்டு சதவீதம்.
கேட்பதற்குச் சமபந்தி போலத்தான் இருக்கிறது.
இலையின் அளவைத்தான் யாரும் சொல்வதில்லை.
ஆலை மேலாளருக்குக் கிடைத்த இரண்டில்
ஒரு குடும்பம் ஸ்பெயின் போய்த் திரும்பலாம்.
தரை கழுவும் டெரெக்குக்குக் கிடைத்த இரண்டில்
வாரம் ஒருமுறை பொரித்த மீன் வாங்கலாம்,
அதுவும் உருளைக்கிழங்கு இல்லாமல்.

மூன்று மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரம்,
என் கண்ணாடிச் சன்னலைத் தட்டினாள் ரஸா.
லிதுவேனியாக்காரி. பதினோரு வருடமாய்
மூன்றாம் பட்டையில் முள் எடுப்பவள்.
தலைவலையை இன்னும் கழற்றவில்லை.
குளிரில் விரல்கள் வெந்ததுபோல் சிவந்திருந்தன.
கையில் மீன்பெட்டியில் கிழித்த ஓர் அட்டைத் துண்டு,
அதில் மார்க்கரால் கணக்கு:

மணிக்கு இருபத்தைந்து பென்ஸ்.
வாரம் முப்பத்தெட்டு மணி.
வருடத்துக்கு ஐந்நூறுக்கு ஆறு பவுண்டு குறைவு,
வரி பிடிப்பதற்கு முன்.
அதன் கீழே வீட்டு வாடகை,
மாதம் நாற்பத்தைந்து ஏறியிருக்கிறது.
பெருக்கி, கழித்து,
விடைக்கு முன்னால் ஒரு சிறு கோடு.
கழித்தல் குறியை இவ்வளவு நேராய்
யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

"கிளெனிஸ், பிழை இருக்கிறதா பார்" என்றாள்.
கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டேன்.
கணக்கு சரிதான் என்றேன்.
"என் கணக்கை யார் கேட்டது? உங்கள் கடிதத்தைப் பார்."

அவளிடம் நான் சொல்லாத எண் ஒன்று உண்டு.
போன வாரம் சேர்ந்த பையன்,
கையுறையை இன்னும் இடம் வலம் மாற்றிப் போடுகிறவன்,
உயர்வுக்குப் பிறகும் அவளைவிட
ஐந்து பென்ஸ் கூட வாங்குகிறான்.
ஆள் கிடைக்காத ஊரில் வருகிறவருக்கு விலை ஏறும்.
போகாமல் இருப்பவருக்கு,
இருப்பதற்கும் ஒரு வாடகை போலும்.

மேலிடத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.
மின்கட்டணம் ஏறியது. சூப்பர்மார்க்கெட்காரன்
பெட்டிக்கு ஒரு பென்னி கூடத் தரமாட்டேன் என்கிறான்.
இரண்டு ஆண்டு முன்பு உயர்வே கிடையாது.
கடிதமும் கிடையாது.
யோசித்துப் பார்த்தால், அந்த வருடம்
ஒருவரும் என் சன்னலைத் தட்டவில்லை.
ஒன்றும் தராதபோது வைதார்கள்.
கொஞ்சம் தந்ததும் கணக்குப் போடுகிறார்கள்.

"கடிதமும் சரிதான், ரஸா."
அப்போதுதான் அவள் முகம் விழுந்தது.
பிழையாக இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறாள்.
பிழை என்றால் திருத்தலாம்.
புள்ளி இடம் மாறிவிட்டது என்பேன்,
மன்னிப்புக் கேட்பேன், வேறு உறை தருவேன்.
சரியாக இருப்பதை என்ன செய்வது?

அட்டையை என் மேசையிலேயே விட்டுப் போனாள்.
அறை முழுக்க மீன் வாடை.
புகார் என்று கோப்பில் வைக்கலாமென்றால்
அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது.

ஐந்து மணிக்கு ஒரே ஓர் உறை மிச்சம்.
கி. ஹார்க்கர், சம்பளப் பிரிவு.
நானே அச்சிட்டு, நானே மடித்து,
நாவால் ஈரப்படுத்தி நானே ஒட்டியது.
பிரிக்காமலே தெரியும். ஆனாலும் பிரித்தேன்.
"உங்கள் அயராத உழைப்பைப் போற்றி" –
சொல்ல வெட்கமாய் இருக்கிறது,
ஒரு கணம் யாரோ எனக்கென்று
எழுதியதுபோல் இருந்தது.

பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் காலி.
மார்க்கரைத் தேடினேன்.