செரி

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு,
ரிக் லாரி ஒர்க்‌ஷாப்புக்கு மேலே ஒரு அறை.
சனிக்கிழமை ராத்திரி ஏழு பேர், ஒரு மேசை,
மேலே விரித்த பச்சைத் துணி திருப்பூர் செகண்ட்ஸ்.
சீட்டுப் போடுவது நான்.
ஆட்டத்தில் எனக்குப் பங்கில்லை,
அதனால் தீர்ப்பு என்னுடையது.

இதற்கு முன் அந்தியூரில் மாட்டுத் தரகு.
துண்டுக்கடியில் மூன்று விரல் பிடித்தால் மூன்றுதான்.
பிடித்தது விரலையா நகத்தையா என்று
எவனும் பிறகு வழக்குக்கு வந்ததில்லை.

தெய்வசிகாமணியின் கைகள் எனக்குப் பாடம்.
வில்லைகளைப் பாதி மேசை வரை தள்ளுவார்,
எதிராளி முகம் சுருங்குகிறதா என்று பார்ப்பார்,
தண்ணீர் பாட்டிலுக்குத்தான் கை நீட்டினேன் என்பார்.
ஐயாயிரத்து வில்லைகள் நூறுகளுக்குப் பின்னால் தூங்கும்.
முறை வருமுன்பே சீட்டை வீசுவதுபோல் தூக்குவார்,
வலப்பக்கத்து ஆள் அதை நம்பிப் பந்தயம் ஏற்றியதும்
மெதுவாக இறக்கி வைத்துக்கொள்வார்.
திருட்டென்று சொல்ல முடியாது.
நேர்மையென்று சொன்னால் வாய் கோணும்.
விதிக்கும் விதிக்கும் நடுவே ஒரு இட்டேரி இருக்கிறது,
அவர் வண்டி எப்போதும் அதில்தான் போகும்.

அன்றைக்குக் கடைசிச் சீட்டு ஸ்பேட் ஒன்பது.
சென்னியப்பன் மொத்தத்தையும் தள்ளினான்.
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்,
ராய்ப்பூர்ப் பக்கம் மூன்று மாசம் துளை போட்ட காசு.
"ஆல் இன்ங்க."
தெய்வசிகாமணி சீட்டைப் பார்த்தார்,
காற்றாடியைப் பார்த்தார்.
"செரி."

சென்னியப்பன் திருப்பிக் காட்டினான்: மூன்று ஒன்பது.
"அட, நல்லாருக்குதே. நான் மடிச்சுக்கறேன்."
"ஏனுங், செரின்னீங்களே?"
"நீ தள்ளுனது தெரிஞ்சுதுன்னு செரின்னேன்.
கால்னு நான் சொல்லவே இல்லியே."
"கால் மேசைக்கடியில இருக்குது" என்றது ஒரு குரல்.
யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கம் செரி என்றால் என்ன?
சம்பந்தி கேட்ட பவுனுக்கு ஒரு செரி,
அது சம்மதம்.
வாங்கினவன் போனில் சொல்லும் செரி,
அது அடுத்த மாசம்.
போனை வைக்குமுன் செரி செரி செரி என்று மூன்று,
அதில் ஒன்றுக்கும் பொருளில்லை.
டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்து முடித்ததும்
என் அண்ணன் ஒரு செரி சொன்னான்.
அதை இன்னும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
தெய்வசிகாமணி பார்க்கவில்லை.
இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்,
பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கில்லை.
நான் கேட்டேன்:
"அவன் ஒண்ணுமில்லாத சீட்டைக் காட்டியிருந்தா
உங்க செரி என்னவா இருந்திருக்குமுங்க?"

காற்றாடி சுற்றியது.
ஜெயித்தால் கால், தோற்றால் வெறும் செரி.
ஒரு சொல்லுக்கு ரெண்டு கதவு வைத்து
நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பணம் அவனுக்குப் போகுதுங்க" என்றேன்.
கட்டினார். எண்ணாமல் கட்டினார்.
எழும்போது என் பக்கம் எப்போதும் வைக்கும் ஐந்நூறை
வைக்கவில்லை.

பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் பதினோரு விதி.
மார்க்கர் எடுத்துப் பன்னிரண்டாவதை எழுதினேன்:
செரி என்றால் கால்.
டீ சொல்லட்டுங்களா என்று பையன் வந்து கேட்டபோது
மீதி ஆறு பேரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

ஜாபர் எழுந்து வந்து தாளைப் படித்தான்.
பவானியில் ஜமுக்காளக் கடை,
மேசையில் எப்போதும் அவனுடையதுதான் சின்ன அடுக்கு.
மாசி மாசம், இதே நாற்காலி,
அவனுக்கு எதிரே இதே தெய்வசிகாமணி, இதே செரி.
நம்பித் திருப்பிக் காட்டினான்.
கால்னு சொல்லலியேப்பா என்றவன் நான்.
தாளில் இல்லாததை நான் எப்படிச் சொல்ல என்றும் சொன்னேன்.
பதினெட்டாயிரம்.

"அப்ப மாசியில என்னோடது, அண்ணா?"
குரலை உயர்த்தாமல் கேட்டான்.

சீட்டைக் கலைத்தபடி இருந்தேன்.
பதிலுக்கு வாயில் வந்தது ஒரே சொல்.
கதவில் அதன் மை
இன்னும் காயவில்லை.