மேல்படி, இடது மூலை

ஐந்து பேர் உட்காரும் பலகையில்
நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறோம்.
முழங்கையும் முழங்கையும் இடிக்கின்றன.
தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில்
ஓர் ஆள் அகலத்துக்கு
மரம் காய்ந்து கிடக்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் ரோப்பே வீட்டுச் சவுனா.
வெளியே பியெலினென் ஏரி
மறுபடி உறைந்து
ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கிறது.

பேசாமல் இல்லை. நிறையப் பேசுகிறோம்:
குளிர்கால டயரின் விலை,
யோயென்சூவில் பார்த்த வாடகை அறை,
ராணுவத்தில் ரோப்பேவுக்கு மொட்டையடித்த கதை.
"ஆர்ட்டு இருந்தால்" என்று யாராவது தொடங்கினால்
உடனே ஒரு கை அகப்பையைத் தேடும்.
கொதிக்கும் கல்லில் தண்ணீர் விழும் சத்தத்தில்
மீதி வாக்கியம் போய்விடும்.
"இன்னும் கொஞ்சம் ஆவி" என்று கேட்போம்,
அந்தச் சொல்லை மட்டும் கூசாமல்.

இலக்கணத்திலும் கவனமாக இருக்கிறோம்.
இதற்குச் சிரிப்பான், என்கிறோம்.
வண்டியைத் தரமாட்டான், என்கிறோம்.
சிரித்தான், தந்தான் என்று
ஒருவர் வாயிலும் வந்ததில்லை.

போய்ச் சேர்ந்துவிட்டான் என்றார்கள்
கடையில் பெரியவர்கள்.
எங்கே சேர்ந்தான்?
பனிவண்டியின் தடம் நின்ற இடத்திலிருந்து
மறுகரைக்கு முந்நூறு மீட்டர் இருந்தது.

பள்ளிக்கு ஓர் அம்மாள் வந்தார்.
மேகம் வரைந்த நீல அட்டைகள் கொடுத்தார்.
உன் மனநிலையை ஒரே சொல்லில் எழுது.
பிஹ்லா "பசி" என்று எழுதினாள்.
எல்லோரும் சிரித்தோம், ஆர்ட்டு உட்பட
என்று எழுத வந்தேன், பாருங்கள்.

இன்று டூர்க்கூவிலிருந்து
பிஹ்லாவின் பெரியம்மா மகள் லின்னேயா.
கதவைத் திறந்தாள், மேலே ஏறினாள்,
துண்டை விரித்து
இடது மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிஹ்லாவின் அகப்பை பாதி வழியில் நின்றது.
அடுப்புக்குள் ஒரு கட்டை சரிந்தது.
"என்ன? யாராவது வரணுமா?" என்றாள் லின்னேயா.

முன்பெல்லாம் இந்தப் பக்கத்தில்
பிள்ளை பெற்றதும் சவுனாவில்தானாம்.
இறந்தவரைக் குளிப்பாட்டியதும்
இதே மாதிரிப் பலகையில்தானாம்.
எங்கோ படித்தது, இப்போது வந்து நிற்கிறது.
ஆர்ட்டுவை யார் குளிப்பாட்டினார்கள்?
பத்து மாதமாகிறது.
நான் கேட்கவே இல்லை.

"அங்கே சூடு அதிகம்" என்றேன்.
"அவன் தாங்கினான்."

விழுந்துவிட்டது வாயிலிருந்து.
இறந்தகாலம்.
எடுக்க முடியாது.

"தாங்கினானா?" என்றான் ரோப்பே.
அவன் குரல் எங்கோ கீழ்ப்படியிலிருந்து வந்தது.
"மூணாவது நிமிஷமே ஓடினானே
ஏரிக்கு."

"யாரு?" என்றாள் லின்னேயா.

பிஹ்லா அவசரமாகக் குனிந்தாள்.
அகப்பை
வாளியின் அடியைச் சுரண்டியது.
தண்ணீர் தீர்ந்திருந்தது.