மட்டம்

திசையன்விளைக்குத் தெற்கே
தேரி தொடங்குகிற இடத்தில் ரோஸ்லினின் புது வீடு.
ஒரு முழக் குழி தோண்டி
இரவெல்லாம் ஊறவிட்டு
காலை ஏழரைக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினேன்.
கோடு கிழித்த குச்சியில்
ஒரு அங்குலம் இறங்க
அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“நல்லாக் குடிக்கே மண்ணு” என்றாள்.

அதுதான் கோளாறு.
அவசரமாகக் குடிக்கிற மணல்
எதையும் கழுவுவதில்லை.
வந்ததை வந்தபடியே
கீழே அனுப்பிவிடும்.
கீழே, சித்திரைக்கனி அக்காவின் கிணற்று ஊற்று.

அக்கா அன்றைக்கே வந்தாள்,
கையில் தையல் டேப்.
ஐந்தடி டேப்பை வைத்து
வேலியிலிருந்து கிணறுவரை
குனிந்து குனிந்து அளந்தாள்.
பதினான்கில் எண்ணிக்கை தப்பி
மறுபடி முதலிலிருந்து.
என் பையில் முப்பது மீட்டர் டேப் இருந்தது.
கொடுத்திருக்கலாம்.

குளத்துக் கரம்பை இரண்டு டிராக்டர் இறக்கி
மணலோடு கலந்து விரித்தோம்.
இப்போது ஒரு அங்குலத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம்.
முக்குக் கடைக்குப் போய்
டீ குடித்துவிட்டு வரலாம்.

தொட்டிக்கு மூன்று அறை.
முதலாவதில் கனத்தது படியும்.
இரண்டாவதில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் தின்னும்.
மூன்றாவதிலிருந்து வருவது தெளிவாக இருக்கும்,
தெளிவு என்றால் சுத்தம் என்று நம்பக் கூடாது.
மிச்ச வேலை மண்ணுடையது.
அதற்குத்தான் ஒரு பெட்டி,
பெட்டியில் மூன்று வாய்,
வாய்க்கு ஒரு துளைக்குழாய்,
சுற்றிலும் முக்கால் ஜல்லி.
யாருக்கும் கூடாமல் குறையாமல்
பங்கு வைக்க வேண்டும்.

நாற்பதாம் நாள் போன்.
“அண்ணாச்சி, மூணாவது வரிசைமேல மட்டும்
புல்லு பச்சையா நிக்கு.
ஒரு தவளை வேற.”
மூன்றாவது வரிசை, அக்காவின் வேலியோரம்.

பெட்டியைத் திறந்தேன்.
ஒரு பக்கம்
தீப்பெட்டி கனம் தாழ்ந்திருந்தது.
முதல் இரண்டு வாயிலும்
சிலந்தி வலை கட்டியிருந்தது.
சரியாகத் திமிசு போடாத மணல்மேல்
சாயங்கால அவசரத்தில்
நான்தான் வைத்தேன்.
மச்சினன் அடிக்கடி சொல்வான்,
‘இதெல்லாம் மட்டமான வேலை வே’ என்று.
இல்லை. அன்று அது மட்டமாக இல்லை,
அதுதான் தப்பு.

பெட்டியைப் பெயர்த்து
அடியில் கான்கிரீட் போட்டு
ரெண்டு நாள் ஆறவிட்டேன்.
மட்டக்குழாய் பிடிக்க இன்னொரு கை வேண்டும்.
ரோஸ்லின் வேலைக்குப் போயிருந்தாள்.
வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா
பார்த்துக்கொண்டே நின்றாள்.
“இங்கன செத்தப் பிடிங்க.”

பிடித்தாள்.
கண்ணாடிக்குழாயில் தண்ணீர்
ஏறி, இறங்கி, ஆடி,
“பைய, பைய”
நின்றது.
அவள் விரல் பக்கம் எவ்வளவோ
என் விரல் பக்கமும் அவ்வளவே.

ஒரு வாளி ஊற்றினேன்.
மூன்று வாயும் ஒரே நேரத்தில் நனைந்தன.
“நடுவுல உள்ளது கொஞ்சம் முந்துதோ?”
கேட்டாள்.
பார்த்தேன். முந்தியது, ஒரு மயிரிழை.
சரி செய்தேன்.

“மாசத்துக்கு ஒருக்கா தெறந்து பாப்பேன்” என்றாள்,
என்னவோ அது அவள் வீட்டுப் பெட்டி மாதிரி.
“பாருங்க” என்றேன்.

அவள் போனாள்.
கொஞ்ச நேரத்தில்
கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம்.
உருளை எத்தனை சுற்று சுற்றுகிறது என்று
கை கழுவாமல்
எண்ணிக்கொண்டிருந்தேன்.