ஒரு மைப்புள்ளி

கரகண்டாவில் அந்தக் குளிர்காலம்
பனிகூடக் கரித்தூளோடுதான் விழுந்தது.

சமையலறை மேசையில் ஒற்றைத் தாள்:
'என் மகளை ஜெபக்கூட்டத்துக்கு
அழைத்துச் செல்ல மாட்டேன்.'
கீழே ஒரு கோடு. அவ்வளவுதான் கேட்டார்கள்.
வந்த அதிகாரி தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.
ஐந்து நிமிட வேலை என்று நினைத்திருப்பார்.

அப்பா, நீங்கள் பேனாவை எடுத்ததைப் பார்த்தேன்.
வைத்ததையும் பார்த்தேன்.

பிறகு அரசு விடுதி.
இரும்புக் கட்டில், எண் நாற்பத்தொன்று.
'அகாத்தா, உன் அப்பாவுக்கு
உன்னைவிட வானம் பெரிது' என்றாள் வார்டன்.
நான் மறுத்துப் பேசவில்லை.
மாதம் ஒரு பொட்டலம் வரும்:
ஒரு பிடி சர்க்கரை, கம்பளிக் காலுறை.
காலுறை எப்போதும்
போன வருடத்துக் கால் அளவில்.

உங்களுக்கு முதலில் தேவன். சரி.
இரண்டாவதாக நின்றவளுக்குத்தான் தெரியும்
வரிசை எவ்வளவு நீளமென்று.

அடக்கத்துக்கு வந்தேன். பாடவில்லை.
கொர்னேலியுஸ் விசுவாச வீரர் என்றார்கள்;
கையுறையைக் கழற்றாமல் மண் போட்டேன்.

எழுபது வயதில், ஆவணக் காப்பகத்தில்
அதே தாளை என் கையில் கொடுத்தார்கள்.
வெறும் கோடு.
அதன் தொடக்கத்தில் மட்டும்
ஊறிப் பரந்த ஒரு மைப்புள்ளி.
திருப்பினேன். பின்பக்கத்திலும் அது இருந்தது.

பழைய மைப்பேனா ஒன்று தேடி வாங்கி
வீட்டில் ஒரு தாளில் ஊன்றி
அசையாமல் எண்ணினேன்,
மை மறுபக்கம் தெரியும்வரை.

பத்தொன்பது.

அதுவரை
நான்தான் முதலில்.