இணைப்பு: கயிறு ஒன்று

வாகைப்பத்து வழியாகப் புதுத் தடம் விடுவது பற்றி
ஊர்க்காரர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வர
டிப்போவிலிருந்து என்னை அனுப்பினார்கள்.
பெயர், ஊர், கோரிக்கை, குறிப்பு.
குறிப்புக் கட்டம்தான் ஆகச் சிறியது.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு அடுப்பு இன்னும் அணையவில்லை.
மேலாளர் வரைபடத்தை விரித்து
நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார்.
சிவப்புப் பென்சில் கோடு
நாங்குநேரியில் கிளம்பி மூலைக்கரைப்பட்டி தாண்டி
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.
நடுவில் எங்கும் மூச்சு வாங்கவில்லை.

கோயில்பிச்சைக்கு வாரம் ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணணும்.
"ஆறு மணிக்கு அங்கன இருக்கணும் சார்.
பொறவு போனா மெஷின் அடுத்தாளுக்குப் போயிரும்."
அதிகாலைப் பேருந்து, என்று எழுதினேன்.
சட்டைக் கையைச் சுருட்டித்
தழும்பைக் காட்டியதற்குக் கட்டம் இல்லை.

மைதீன் பாத்து மடியில் பீடித் தட்டு.
சொல்லும்போதும் விரல் சுற்றிக்கொண்டே இருந்தது.
"நாலு மணிக்குள்ள கடையில குடுக்கணும்.
பஸ்ஸு நின்னா போதும், உக்கார எடம் வேண்டாம்."

சண்டை எதுவும் வரவில்லை,
பஸ் கீழத்தெருவுக்குள் திரும்புமா என்று
ஒரு குரல் கேட்கும் வரை.

திரும்பினால் ஏழு நிமிஷம் கூடும் என்றார்
அரிசி மில் தளவாய்.
ஏழு நிமிஷம் என்றார் அவர் தம்பி.
பின்பெஞ்சிலிருந்தும் வந்தது, ஏழு நிமிஷம்.
நிமிஷத்துக்கு இத்தனை மதிப்பு உள்ள ஊரில்
கூட்டம் தொடங்கியதே முக்கால் மணி பிந்தி.
கீழத்தெருக்காரர்கள் கதவோரம் நின்றார்கள்.
பெஞ்சில் இடம் இருந்தது.

"மனசிருந்தாலும் முக்கு கொள்ளாது சார்.
வேப்பமரத்துக்கும் ரேசன் கடைச் சுவருக்கும் நடுவுல
பஸ்ஸு எப்படி நொழையும்?"
மேலாளர் பென்சிலைக் கீழே வைத்தார்.
முகத்தில்
காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி.

கதவோரத்திலிருந்து பேச்சித்தாய் வந்தாள்.
நூறுநாள் வேலையில் குழி அளக்கிறவள்.
வயர்கூடைக்குள்ளிருந்து கிணற்றுக் கயிறு.

"போன வியாழக்கெழம நாங்குநேரி ஸ்டாண்டுல
நின்ன பஸ்ஸை அளந்தேன்.
கண்டக்டர் கிறுக்கின்னு நெனச்சாரு.
இந்த முடிச்சு பஸ்ஸோட அகலம்.
இது எங்க முக்கு.
கடேசி முடிச்சு, தலையிலேருந்து வால் வரைக்கும்."

வரைபடத்தின் மேல் கயிறு விழுந்தது.
ஒரு டம்ளர் உருண்டு ஓடியது. யாரும் எடுக்கவில்லை.
முதல் முடிச்சுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
நாலு முழம் சும்மா கிடந்தது.

டீக்கு வந்திருந்த டிரைவர் சங்கிலிபூதத்தான்
மூணு முடிச்சையும் கட்டைவிரலால் தடவினார்.
கண்ணை மூடி இல்லாத ஸ்டியரிங்கை ஒடித்தார்.
"ஒரு ரிவர்ஸ் போடணும்.
திருப்பிரலாம்."

கைதட்டல் இல்லை.
மோட்டார் போடணும் என்று தளவாய் எழுந்து போனார்.
கயிறைக் கூடைக்குள் வைக்கப் போனவளிடம்
இருக்கட்டும்மா என்றேன்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
இணைப்பு, கயிறு ஒன்று, முடிச்சு மூன்று.

நேற்று மண்டல அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பியது.
ஓரத்தில் பச்சை மை:
'இது எதற்கு? விளக்கம் தருக.'
யாரோ பிரித்துப் பார்த்து
வேறு மாதிரி சுற்றியிருக்கிறார்கள்.
எண்ணினேன். மூணும் இருக்கிறது.
மேசை முழுக்கக் கிணற்று வாசம்.

ஐயா, என்று தொடங்கியிருக்கிறேன்.