கடைசி மயிரிழை

சிவதாபுரத்துப் பட்டறைகளுக்கு
ஆடி, ஆனியிலேயே பிறந்துவிடும்.
கோட்டை மாரி திருவிழாவுக்கு அறுநூறு ஜோடி.
வெள்ளிக்கிழமைக்குள் வெள்ளி ஏறவேண்டும்.
செம்புக் கண்ணியின் உள்மடிப்பில் மட்டும்
ஏறமாட்டேன் என்கிறது.

மாதேஸ் வோல்ட்டைத் திருகினான்.
ஆம்ப் மீட்டர் முள் இரண்டேகாலில் நின்றது.
இன்னும் திருகினான்.
முள் நின்றபடி நிற்க
கொலுசு கறுத்தது, அடிப்பிடித்த பாலாக.

பலம் போதும், வரத்துதான் இல்லை என்றேன்.
தொட்டி நிறைய வெள்ளி அயனி.
ஆனால் உலோகத்தை ஒட்டி
மயிரிழைத் தடிமனில் ஒரு தண்ணீர்.
கரண்டியால் கலக்கினால் கொஞ்சம் மெலியும்,
இடத்தை விட்டுப் போகாது.
அதற்குள் வந்துவிட்டால் ஓட்டம் கிடையாது,
தடுமாறித் தடுமாறித்தான் சேரவேண்டும்.
ஓசூரிலிருந்து மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டு
ஐந்து ரோட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு
முக்கால் மணி நேரம் நிற்கிறோமே, அதுபோல.

செரி ரோட்டில் மூடிய கண்ணாடிக் கடையில்
மூக்குக்கண்ணாடி கழுவும் மீயொலித் தொட்டி.
ஹயாத் பாஷா மூவாயிரம் சொல்லி
இரண்டாயிரத்துக்குக் கொடுத்தார், ஒயரை டேப் சுற்றி.
மேட்டூர்த் தண்ணீர் ஊற்றி
நடுவில் முலாம் பீக்கரை இறக்கி
சுவிட்சைத் தட்டினேன்.

கால்மணி நேரம்
கரைந்திருந்த காற்று மட்டும் சோம்பலாக ஏறிப் போனது.
"சோடா" என்றான் மாதேஸ்.
பிறகு எண்ணெய் காயும் சீறல்.
பட்டறைப் பூனை எழுந்து வெளியே போயிற்று.

இது காற்று அடைத்த குமிழி அல்ல.
விநாடிக்கு நாற்பதாயிரம் முறை
தண்ணீரை இழுத்தால் கிழிகிறது.
கிழிசலுக்குள் துளி ஆவி,
அழுத்தம் திரும்பியதும் மூடிக்கொள்கிறது.
நடுத்தொட்டியில் என்றால் உருண்டையாகச் சாகும்.
உலோகத்தருகே அந்தச் சாவு வாய்க்காது.
அந்தப் பக்கமிருந்து தண்ணீர் வர வழியில்லை;
இந்தப் பக்கம் முந்திக்கொண்டு
குமிழியின் வயிற்றைத் துளைத்து
ஊசியாக இறங்குகிறது,
சுவர் இருப்பதாலேயே
சுவரைப் பார்த்து.
நகராத தண்ணீர் நகர்கிறது.
வாசலில் நின்ற கூட்டம் உள்ளே.

முள் எழுந்தது.
மூன்று. மூன்றரை.
வோல்ட்டை யாரும் தொடவில்லை.
மாதேஸ் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்,
சோதனையில் பிடிபட்டவனாக.
உள்மடிப்பு வெளுத்திருந்தது.

முந்நூறு ஜோடி வரை நல்ல புத்தி.
அப்புறம் பவரை முழுசாக வைத்தது நான்தான்.
விடியற்காலை லென்ஸில் பார்த்தால்
வெள்ளி மேலெல்லாம் பொடிக்குழிகள்.
வெள்ளியைக் கொண்டுவந்து சேர்த்த அதே ஊசி
வெள்ளியையும் கொத்தியிருக்கிறது.
மாரிக்குப் போகும் கொலுசில்
அம்மைத் தழும்பு.

பதினோரு ஜோடி தள்ளுபடி.
சிகரெட் அட்டைக்குள்ளிருந்து ஈயத்தாளை உருவி
தொட்டியில் பிடித்தேன்.
சல்லடையாகும் எல்லை எது,
சொரசொரப்போடு நிற்கும் எல்லை எது என்று
குமிழியில் பேனாவால் கோடு போட்டேன்,
அதாவது, பவர் குமிழியில்.
மாதேஸ் சிரித்தான். இரண்டுக்கும் ஒரே பேர்.

வியாழன் ராத்திரி அறுநூறாவது ஜோடி.
சுவிட்சை அணைத்ததும்
முள் இறங்கி இரண்டேகாலில் உட்கார்ந்தது.
மறுபடி வாசலில் கூட்டம்.
பூனை உள்ளே வந்து
ரெக்டிஃபையர் சூட்டில் சுருண்டது.
எங்களுக்குச் சீறலாக மட்டும் கேட்டதில்
அதற்கு என்னென்ன கேட்டதோ,
காதை இன்னும் மடக்கியே வைத்திருந்தது.